கடைசி ரீல் வராத படம்

அச்சுக்கோர்க்கும் தம்பி முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இந்த வயதிலும் எனக்குச் சந்தேகம். பிழைகளைத் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் பேசியதாக நான் எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டாம். அவர்கள் அப்படித்தான் பேசினார்கள்.

நாகர்கோவிலில் புதிதாகக் கட்டியிருக்கும் தியேட்டரில் இரண்டு மெஷின் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ரீல் முடிவதற்குள் மற்றதில் அடுத்த ரீல் ஓடத் தொடங்கிவிடும். படம் நடுவில் நிற்பதே இல்லை. அங்கே ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் என் வீடு தேடி வந்தார்கள். "அண்ணாச்சி, தொறப்பு விழா மலருக்கு டூரிங் கொட்டகைக் காலத்தப் பத்தி எழுதித் தாரும். அந்தத் தீ போட்ட கதைய விட்டுராதேயும்" என்றார்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். கொட்டகையில் எல்லோரும் திரையைப் பார்த்திருப்பார்கள். நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பேன்.

என் ஊர் தோவாளைப் பக்கம். வீட்டார் பூப் பறித்துக் கட்டி விற்கிறவர்கள். நான் அரிசி மில்லில் ஆயில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்த வருஷம், டூரிங் டாக்கீஸ்காரர்கள் ஜெனரேட்டர் ஓட்ட ஆள் தேடி வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். எஞ்சினிலிருந்து மெஷின் அறைக்கு மாறியது எப்படியென்று விவரிக்க ஒன்றுமில்லை. பழைய ஆபரேட்டர் மஞ்சள் காமாலையில் படுத்தார். மறுநாள் நான் அவர் இடத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

எங்கள் மானேஜரைப் பிள்ளைவாள் என்று கூப்பிடுவோம். சித்திரை வெயிலிலும் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு சுற்றியிருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது சத்தம் போட்டால் இவர் குரல் இன்னும் இறங்கும். எதிரில் நிற்பவன் காது கொடுத்துக் கேட்க வேண்டியதாகி, அவன் சத்தமும் தானாக அடங்கிவிடும். படம் தொடங்கும் நேரம் மெஷின் அறைக்கு வந்து மேசையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவார். அந்தத் தட்டு விழாமல் நான் மோட்டாரைப் போடக் கூடாது. "தொடங்கின படத்த முடிச்சுப் போடணும் பொன்னையா. முடிக்காம விட்டா அது நம்ம கூடவே வரும்" என்பார். சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக ரீல் பார்க்கும் முறையை எழுதி வைக்கிறேன். பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஒவ்வொரு ரீலையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிலிமின் இரண்டு ஓரமும் நழுவிப் போக வேண்டும். மெஷினின் பல் பிடிக்கிற துளைகள் கிழிந்திருந்தால் விரலில் முள் போலக் குத்தும். அங்கே நிறுத்தி, கிழிந்த துண்டை வெட்டி, மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டாத பிலிம் மெஷினில் சிக்கி நின்றால், கார்பன் வெளிச்சத்தின் சூட்டில் தீப் பிடிக்கும். பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. அதனால் விரல்தான் முதலில் பார்க்கும். கண் பிறகு.

சொல்ல வந்த சம்பவம், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமான பிறகு வந்த கோடையில் நடந்தது. குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். பெயரை எழுதவில்லை. கட்டுமரக்காரர்களின் ஊர். எல்லோரும் வேதக்கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். மழைக்கு முன் கடைசி முகாமாக அங்கே கொட்டகை போட்டோம். மேடான இடம் கடலையொட்டி ஒன்றுதான் கிடைத்தது. திரைக்குப் பின்னால் கொஞ்சம் மணல், அதற்கப்பால் தண்ணீர். எங்கள் வீட்டார் அய்யாவழிக்காரர்கள், பதியில் கும்பிடுகிறவர்கள். கடல் எனக்குப் பழக்கமில்லை. ரீல் மாற்றும்போது கொட்டகை அமைதியானால் திரைக்குப் பின்னாலிருந்து அந்த இரைச்சல் மட்டும் வரும். யாரோ பெரிய ஆள் தூங்குவது போல இருக்கும்.

ஒரு வாரம் தமிழ்ப் படங்கள் ஓட்டினோம். பிறகு ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. கப்பல் மூழ்கி, தப்பித்தவர்கள் சிறிய தோணியில் நடுக்கடலில் திசை தெரியாமல் அலைகிற கதை. 'ஏழு பேர் ஒரு தோணி' என்று பிள்ளைவாளே தமிழில் பெயர் வைத்து நோட்டீஸ் போட்டார்.

வழக்கம்போல் ரீல்களைச் சுற்றிப் பார்த்தபோது கடைசி டப்பாவில் வேறு படத்தின் ரீல் இருந்தது. ஏதோ நாட்டியம். அனுப்பியவர்கள் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைவாள் தந்தி கொடுத்தார். மறுநாள் பஸ்ஸில் வரும் என்று பதில் வந்தது. இருப்பதை இன்றைக்கு ஓட்டி, மீதியை நாளைக்கு இதே டிக்கெட்டுக்குக் காட்டிவிடலாம் என்று தீர்மானித்தார்.

அன்று முதல் ஆட்டத்துக்கே ஊர் முழுவதும் வந்துவிட்டது. பிள்ளைவாள் மைக்கைப் பிடித்துக் கதை சொன்னார். "இப்போ தண்ணி தீந்துபோச்சு... இவருக்குக் காய்ச்சலாக்கும்..." இரண்டு ரீல் போவதற்குள் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். சொல்லத் தேவையிருக்கவில்லை. திரையில் ஒருவன் கடல்தண்ணீரைக் கையில் அள்ளியதும் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "லேய், குடிக்காதலே. புத்தி மாறிரும்."

"அவனுக்கு நம்ம பேச்சு விளங்காதுவே" என்றது இன்னொரு குரல். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

"விளங்காட்டியும் சொல்லணும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடற்காற்று பின்னாலிருந்து திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. துணி கட்டுமரத்துப் பாய் போலப் புடைக்கும், உள்வாங்கும். படத்திலிருந்த கடல் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. தோணியில் படுத்திருந்தவர்களின் நெஞ்சு மூச்சு விடுவது போலத் தோன்றியது. செத்தவர்களுக்கும் அப்படியே தோன்றியது. மெஷின் அறையின் சின்னத் துவாரம் வழியாக அதைப் பார்த்தபோது என் கைமயிர் எழுந்து நின்றது.

கைவசமிருந்த கடைசி ரீலில் ஏழு பேர் நாலாகியிருந்தார்கள். இருட்டு. அசையாமல் கிடக்கிறார்கள். ஒருவன் மட்டும் மெல்ல எழுந்து, எதையோ கண்டவன் போலக் கையை நீட்டுகிறான். அதோடு ரீல் முடிந்து திரை வெள்ளையானது.

பிள்ளைவாள் மைக்கில் விவரம் சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. முன் வரிசையிலிருந்து கரையின் பெரியவர் மிக்கேல் மூப்பர் கேட்டார்.

"அப்பம் அவங்க இப்பம் எங்க கெடக்காங்க?"

"கடல்லதான்" என்றார் பிள்ளைவாள்.

"நாளைக்கு வரைக்குமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு கடல் பக்கமாகப் போனாள். அவள் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். நாங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது கரையில் பெரிய தீ எரிந்துகொண்டிருந்தது. காய்ந்த ஓலையும் தேங்காய் மட்டையும் போட்டு வளர்த்திருந்தார்கள்.

"எதுக்கு அம்மா இது?" என்று பிள்ளைவாள் கேட்டார்.

முதலில் எழுந்து போனவள்தான் பதில் சொன்னாள். "நாலு பேர் வெளியில கெடக்காங்கல்லா."

அவள் பெயர் லூர்தம்மாள். அந்தக் கரையின் வழக்கத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். கடலுக்குப் போன கட்டுமரம் திரும்பி வராவிட்டால் கரையில் தீ போடுவார்கள். மரம் வந்து சேரும்வரை தினமும் எரிய வேண்டும். வராது என்று பெரியவர்கள் முடிவு செய்தால், கோயிலில் இறந்தவனுக்குரிய பூசை வைத்துத் தீயை அணைத்துவிடுவார்கள். பூசைக்குப் பிறகு அவனுக்குத் தீ போடவே கூடாது. செத்தவனுக்கு வெளிச்சம் காட்டினால் அவன் அதைப் பார்த்துக் கரைக்கு வந்து நிற்பான் என்பது அவர்கள் பயம்.

லூர்தம்மாளின் புருஷன் தனியாக மரம் கொண்டுபோனவன். ஒரு சுழிக்காற்றுக்குப் பிறகு திரும்பவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பூசை என்று முடிவாகி, தீயையும் அணைத்திருந்தார்கள். அணைத்த அதே இடத்தில்தான் சினிமாக்காரர்களுக்காக அவள் மறுபடி மூட்டியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் பெட்டி வந்தது. டப்பாவைத் திறந்து சுற்றும் மேசையில் ரீலை மாட்டும்போது நாங்கள் தங்கியிருந்த கூடாரத்துக்கு வெளியே நிழல் விழுந்தது. லூர்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி வந்துட்டா?"

"வந்துட்டு."

"அதுல அவங்க கரையேறுதாங்களா?"

"இன்னும் பாக்கல்ல."

"பாக்காதேயும். காட்டவும் செய்யாதேயும்."

ரீலிலிருந்து கையை எடுத்தேன். அவளே தொடர்ந்தாள். "அதக் காட்டிட்டா, அவங்க பொழச்சாலும் செத்தாலும் தீய அணச்சிருவாவ. எனக்க ஆளுக்குப் போட விட மாட்டாவ. சினிமாக்காரங்களுக்குப் போடுத தீய யாரு வேண்டாம்னு சொல்லுவா? அவங்களுக்குத்தான் யாரும் பூச வைக்கல்லியே."

"நான் வேலைக்காரனாக்கும். மானேஜர்ட்ட கேக்கணும்."

"கேளும். அவரு இன்னும் சாவல்ல அண்ணாச்சி. செத்திருந்தா எனக்குத் தெரியும்."

அவள் போன பிறகு ரீலின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காட்டினாலும் காட்டாவிட்டாலும் வந்த ரீலைச் சோதித்து வைப்பது என் வேலை. பார்க்காதே என்றும் சொல்லிவிட்டாள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மட்டும் அந்த ரீலை முழுவதும் சுற்றினேன். மற்ற ரீல்களின் ஓரமெல்லாம் தேய்ந்து, ஒட்டுப் போட்டுக் கிடந்தன. இது ஒரு கிழிசல் இல்லாமல், வழவழவென்று ஓடியது. இதற்கு முன் எந்த ஊரிலும் இதை ஓட்டியதே இல்லை என்பது போல. அப்படியானால் அந்த ஆட்கள் எத்தனை ஊரில் கடலிலேயே விடப்பட்டார்கள் என்று தோன்றியது. கண்ணைத் திறக்காமலே டப்பாவை மூடினேன்.

பிள்ளைவாளிடம் நடந்ததைச் சொன்னேன். கம்பளித் துண்டைக் கழற்றி மறுபடி சுற்றிக்கொண்டார். முடிக்காமல் விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், டப்பாவை எடுத்துத் தன் கட்டிலுக்கடியில் தள்ளினார். அன்று மாலை மைக்கில், "கடைசி ரீல் இன்னும் வந்து சேரவில்லை" என்று அறிவித்தார். குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு வேறு படங்களை ஓட்டினோம். ஒவ்வொரு மாலையும் அந்த அறிவிப்பு வரும். ஒவ்வொரு மாலையும் கரையில் தீ எரியும்.

மிக்கேல் மூப்பர் ஒருநாள் வந்தார். "பெட்டி வந்துட்டுன்னு கண்டக்டர் சொல்லுதானே?"

"வந்தது பாட்டுப் பெட்டி" என்றார் பிள்ளைவாள்.

"பாட்டுப் பெட்டிய யாருவே கட்டிலுக்கு அடியில வைப்பா?"

மூப்பரே தொடர்ந்து, "வச்சிரும். ஆனா ஞாயித்துக்கிழம பூச முடிஞ்ச பொறவு அங்க தீ எரியப்படாது. யாருக்குப் போட்டாலும் வெளிச்சம் வெளிச்சந்தான். வாரவன் அது எனக்கில்லன்னு திரும்பிப் போவானா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்தது. துக்க மணி அடித்தார்கள். லூர்தம்மாள் கோயிலுக்குப் போகவில்லை. அன்று மாலையும் அவள் தீ மூட்டினாள். அன்றைக்கு அவளோடு வேறு எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. கடலை நோக்கியிருந்த வீடுகளின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. முதல் ஆட்டத்துக்கே பாதிக் கொட்டகைகூட நிறையவில்லை.

விடிந்து நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கரையில் ஊரே கூடியிருப்பதைப் பார்த்தேன். யாரும் தண்ணீருக்குக் கிட்டே போகவில்லை. அலை உடைகிற இடத்தில் ஒரு கட்டுமரம் மணலில் தட்டி நின்றது. அதன்மேல் இரண்டு பேர், கயிற்றால் தங்களைக் கட்டிக்கொண்டு, குப்புறக் கிடந்தார்கள். உப்புப் பூத்து உடம்பு வெள்ளையாக இருந்தது. அலை வரும்போது அவர்கள் முதுகு ஏறியது, இறங்கியது. திரைச்சீலையில் நான் பார்த்ததே அது. மூச்சா, அலையா என்று சொல்ல முடியவில்லை.

"போவாதிய" என்று மூப்பர் தாழ்ந்த குரலில் சொன்னார். "பூச வச்ச பொறவு வந்திருக்கு. தொடாதிய."

லூர்தம்மாள் தீயின் பக்கத்திலிருந்து எழுந்து நேராக நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவனின் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். பிறகு மற்றவனைத் திருப்பினாள். இரண்டு முகத்தையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அவரில்ல" என்றாள். "உசிரு இருக்கு. கஞ்சித்தண்ணி கொண்டு வாங்க."

அப்போதுதான் ஊர் அசைந்தது. அவர்கள் விழிஞ்ஞம் பக்கத்து ஆட்கள். பாய் கிழிந்து, நீரோட்டத்தில் இழுபட்டுக் கிடந்தவர்கள். பேச்சு திரும்பியதும் ஒருவன் சொன்னான். "தீ கண்டோம். ராத்திரி எல்லாம் அதத்தான் நோக்கித் தொளஞ்சோம். எந்தக் கரைன்னு அறியாது."

அவன் அப்படித் துழாவிய துடுப்பு மரத்தின்மேலேயே கிடந்தது. அவர்களுடையது நொறுங்கிப்போய்விட்டதாம். ஆளில்லாத ஒரு மரம் கவிழ்ந்து மிதந்ததைக் கண்டு, அதில் செருகியிருந்த துடுப்பை எடுத்துக்கொண்டார்களாம். அந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. துடுப்பின் பிடியில் இருந்த அடையாளத்தை லூர்தம்மாள் விரலால் தடவினாள். கண்ணால் பார்க்கவில்லை. கடல் பக்கம் பார்த்தபடி தடவினாள். இரண்டு முறை தடவிவிட்டு, துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தீயருகே போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஈரமணலை அள்ளி அள்ளிப் போட்டாள். யாரும் உதவவில்லை. அது அவள் அணைக்க வேண்டிய தீ.

மத்தியானம் கூடாரத்துக்கு வெளியே மறுபடி அந்த நிழல் விழுந்தது.

"அண்ணாச்சி, இனி அதக் காட்டும்" என்றாள்.

அன்று மாலை கடைசி ரீலை மட்டும் டிக்கெட் இல்லாமல் காட்டினோம். காப்பாற்றப்பட்ட இருவரையும் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து முன்னால் வைத்திருந்தார்கள். பிள்ளைவாள் என் அறைக்கு வந்தார். துவாரம் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். "அந்தப் பிள்ள வரல்லியே" என்றார். கையை மேசைமேல் வைத்தபடி நின்றார். கூட்டத்திலிருந்து ஒருவன் வந்து, அவள் திரைக்குப் பின்பக்கம், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் இரண்டு தட்டுத் தட்டினார்.

நாலு பேர் தோணியில். ஒருவன் கையை நீட்டுகிறான். இருட்டுக் கடலின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிலிமில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்துப் பதறினேன். விரலுக்கு ஓட்டை எதுவும் தட்டியதில்லை. புள்ளி மெல்லப் பெரிதாகி அசைந்தது. ஏதோ ஒரு கரையில் யாரோ தீ போட்டிருக்கிறார்கள். அவர்கள் கையாலேயே துழாவிக்கொண்டு அதை நோக்கிப் போகிறார்கள். கரையேறுவதைக் காட்டவில்லை. போய்க்கொண்டிருக்கும்போதே படம் முடிந்துவிட்டது.

இருட்டில் மூப்பர் குரல் மட்டும் கேட்டது. "அது நம்ம தீ."

கூட்டம் கலைந்த பிறகு திரையை அவிழ்க்கப் போனேன். லூர்தம்மாள் பின்பக்கத்தில் அப்படியே இருந்தாள். மடியில் துடுப்பு. பின்னாலிருந்து பார்த்தால் படம் இடம் வலம் மாறித் தெரியும். முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு பக்கமாகப் போன தோணி அவளுக்கு எதிர்ப்பக்கமாகப் போயிருக்கும். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அண்ணாச்சி, அவங்க கரைக்கு வந்தாங்களா, கடலுக்குப் போனாங்களா? எனக்கு இந்தப் பக்கம் இருந்து தெரியல்ல."

பெண்களிடம் நிமிர்ந்து பேசாத நான் அன்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "தோணிதான் பக்கம் மாறும் தாயே. தீ நடுவுல இருந்துது. எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் அது ஒரே இடத்துலதான்."

அவள் தலையை அசைத்தாள். துடுப்பை ஊன்றி எழுந்து, ஊருக்குள் போனாள்.

மறுநாள் நாங்கள் கொட்டகையைப் பிரித்தோம். அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டேன். கார்பன் வெளிச்சம் என் இரண்டு கண்ணையும் மங்கவைத்துவிட்டது. அதனால்தான் மெஷினை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் அது போகாது என்றார்கள். இந்தக் காகிதத்திலும் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு வந்த முதல் கார்த்திகை, கொல்லம் வருஷம் 1132. வீடுகளில் விளக்கு வைக்கும் நாள்.